செவ்வாயில் புழுதியா, என் கண்ணிலா?

என் ரோசலினுக்கு,

நீ போய் ஆறு வருஷமாகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த வைகாசியில் நடந்ததை வேறு யாரிடம் சொல்வது? விழுப்புரத்தில் செவ்வாய் என்று வாயெடுத்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

முதலில் செய்தி. நீ போன பிறகு விண்கலம் ஒன்று செவ்வாயை ஒட்டிப் பறந்து படம் எடுத்து அனுப்பியது. கால்வாய் எதுவும் இல்லை, பள்ளங்கள்தான். காற்றும் நாம் எண்ணியதைவிட மிக மெல்லியதாம். அவ்வளவு மெல்லிய காற்று எப்படிப் புழுதியைக் கிளப்புகிறது? இந்தக் கேள்வியோடு நீ அடுத்த ரயிலிலேயே வந்து இறங்கியிருப்பாய்.

மெட்ராஸ் கல்லூரியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே பௌதிகம் படித்தவள் நீ. பிறகு நீ திண்டிவனத்தில் டீச்சர், நான் விழுப்புரத்தில். ஆளுக்கொரு சின்னத் தொலைநோக்கி. செவ்வாய் அருகே வரும் காலத்தில் தனித்தனியே பார்த்து, தாளில் வட்டம் போட்டு, தெரிந்த கறைகளை வரைவோம். மாதக் கடைசியில் இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் வைக்கும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருத்தி சொல்லிவிட்டால் மற்றவள் கண்ணுக்கும் அதுவே தெரியும் என்று நான் போட்ட விதி.

ஐம்பத்தாறில் அந்த விதி நம்மை என்ன பாடு படுத்தியது! கறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பார்வைதான் கெட்டுவிட்டது என்று நான் புது மூக்குக் கண்ணாடி வாங்கினேன். ரசம் போய்விட்டது என்று நீ தொலைநோக்கியின் ஆடியைக் கழற்றி மெட்ராசுக்கே அனுப்பிவிட்டாய். கடைசியில் தாள்களைச் சேர்த்து வைத்தால், இரண்டும் வெறும் வட்டம். செவ்வாய் முழுக்கப் புழுதிப் புயல்.

"பேஜாரு புடிச்ச ரூலு அக்கா உன்னுது! அங்க புழுதி பறந்துக்கினு இருக்குது, நான் இங்க ரசம் பூசிக்கினு இருந்திருக்கேன்" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். விதியை மட்டும் மாற்றவில்லை.

இந்த வைகாசியில் செவ்வாய் மறுபடி பக்கத்தில் வந்தது. இருட்டியதும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நடுவே தெரிய வேண்டிய பெரிய கறை, நாம் எப்போதும் வரையும் அந்தக் கரிய முக்கோணம், இல்லை. மறுநாளும் இல்லை.

புயலா? புரை ஆரம்பம் என்று கண் டாக்டர் போன வருஷமே சொல்லியிருந்தார். நிலவும் மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் நம் ஊர்க் காற்றிலும் புழுதி இருக்கிறதே. இன்னொரு தாள் இருந்தால் உடனே விளங்கிவிடும். அதை வரைய ஆள் இல்லை. வீட்டில் ஆள் இல்லாதது எனக்குப் பழகிவிட்டது, ரோசலின். 'இல்லை' என்று என்னிடம் சொல்ல ஆள் இல்லாததுதான் பழகவில்லை.

உன் வீட்டுக்காரர் செல்வராஜ் எப்போதாவது அவித்த மல்லாட்டைக் கடலையோடு என்னைப் பார்க்க வருவார். அந்த வாரம் வந்தவரை மாடிக்கு ஏற்றினேன்.

"மஞ்சளாத் தெரியுதா சார்?"

"ஆமாங்க டீச்சர், மஞ்சளாத்தான் இருக்குது."

"இல்ல, வெள்ளையா?"

"வெள்ளையாவும் இருக்குதுங்க."

"கறை ஏதாவது?"

"நீங்க இருக்குதுன்னா இருக்கும்."

நல்ல மனிதர். உன்னிடமும் இப்படி ஒத்துப்போயேதான் குடும்பம் நடத்தினாரா? நம் விதி நினைவுக்கு வர, கேட்பதை நிறுத்தினேன். வட்டம் போட்ட தாளையும் பென்சிலையும் கொடுத்து, "தெரியறத மட்டும் வரைங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

வெகுநேரம் கழித்து வந்தார். "கத்திரிக்கா மாதிரி வந்துடுச்சிங்க, கோவிச்சிக்காதீங்க" என்று கூசிக்கொண்டே நீட்டினார். கத்திரிக்காயேதான். ஆனால் வட்டத்தின் நடுவில், கரியதாக, ஒரு பக்கம் கூராக. என் தாளை அருகில் வைத்தேன். அதில் ஒன்றுமில்லை.

செவ்வாயில் வானம் தெளிவாகத்தான் இருக்கிறது, ரோசலின். மங்கல் என் கண்ணில்.

"தப்பாங்க டீச்சர்?" என்றார்.

"இல்லைங்க சார். என்னுதுதான் தப்பு" என்றேன். நீ போன பிறகு என்னை மறுத்த முதல் ஆள், அது தனக்கே தெரியாமல் மல்லாட்டையை உரித்துக்கொண்டிருந்தார். அழ வேண்டிய இடத்தில் எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது?

புரை முற்றியதும் அறுவைக்குப் போவேன். அதுவரை உன் தாளை அவர் வரையட்டும். என் தாளில், கண்ணுக்குத் தெரியாத எதையும் நினைவிலிருந்து எடுத்து நிரப்ப மாட்டேன். வெறும் வட்டமாகவே தேதி போட்டு வைப்பேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உடன்பிறக்காத உன் அக்கா,
பத்மாவதி