எனக்கு நானே எழுதிய பரிந்துரை

பிப்ரவரி 18
நாற்பத்தேழு வயதில் முதுகலைக்கு விண்ணப்பிக்கிறேன். நோயாளிகளை அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியில் இருபத்திரண்டு வருட வேலை, கையில் ஒரே ஒரு பட்டம், அதுவும் மஞ்சளாகிவிட்டது. பரிந்துரைக் கடிதம் கேட்டு எங்கள் மருத்துவமனைத் துறைத் தலைவர் லியாவ் அறைக்குப் போனேன். அவர் வாயில் பல்குச்சி.
"நீயே எழுதிடு சியெ. தாராளமா எழுது. என் முத்திரை ரெண்டாவது டிராயர்ல கிடக்கு, நீயே குத்திக்க."
இங்கே எல்லாரும் இப்படித்தான். லியாவுக்குக் கிடைத்த பரிந்துரைகளும் அவர் எழுதிக்கொண்டவைதான் என்று மருந்தகத்து வென் எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

பிப்ரவரி 20
எழுதினேன். 'செல்வி சியெ அரிய பொறுமையும் ஆழ்ந்த மனிதநேயமும் ஒருங்கே வாய்த்தவர்.' செத்தவளுக்கு எழுதின மாதிரி இருக்கிறது. ஆனாலும் 'அரிய' என்பதை 'மிக அரிய' ஆக்கினேன்.

பிப்ரவரி 23
ஒரு வெற்றிக்கதை வேண்டும். டூ அம்மாவைப் பிடித்தேன். காலை உணவுக் கடை நடத்துகிறவர், பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. என்னிடம் மூன்று மாதம் வந்தார். இப்போது மறுபடி கடை போடுகிறார். 'செல்வி சியெயின் இடையறாத முயற்சியால்' என்று போட்டேன்.
உண்மை? நாலாம் மாதம் அவர் வரவேயில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. பதிவேட்டில் 'குணமடைந்து விலகினார்' என்று எழுதி மூடிவிட்டேன்.

பிப்ரவரி 25
விண்ணப்பத்தோடு வைக்கப் படம் எடுக்கலாமென்று அவர் கடைக்குப் போனேன். போயிருக்கக்கூடாது.
"போட்டோ எதுக்கு டீச்சர்?" இங்கே தெரபிஸ்டையும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.
"யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும்மா. என்னோட சிகிச்சையில நீங்க..."
"உன்னோட சிகிச்சையா?" இடது கையால் முட்டை ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "மூணு மாசம் மரக்குச்சிய எடுத்துப் பலகை ஓட்டையில குத்த வச்ச. ரொட்டி திருப்பணும்னு சொன்னேன், காதுல வாங்கினியா? வீட்டுக்கு வந்து நானே இடது கையில பழகினேன். மொத வாரம் பூரா தெரு நாய்ங்களுக்குத்தான் விருந்து."
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.
"தள்ளி நில்லு டீச்சர், எண்ணெய் தெறிக்கும்."

பிப்ரவரி 26
தூ. இப்படி எத்தனை பேரைக் 'குணமாக்கி' அனுப்பியிருக்கிறேன் நான்?

பிப்ரவரி 27
கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். 'சியெ நன்றாகப் பேசுவார், குறிப்பாகப் பிறர் குணமானதைப் பற்றி. நோயாளிக்கு என்ன செய்ய ஆசை என்று கேட்கும் பழக்கம் இல்லை. பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். அதைத் தாமதமாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். அதனால் இவருக்குப் படிப்பு தேவை.' லியாவிடம் நீட்டினேன். பக்கம் எத்தனை என்று மட்டும் பார்த்தார். "ஒண்ணுதானா? இன்னும் கொஞ்சம் புகழ்ந்திருக்கலாமே." முத்திரை குத்தினேன், உறையை ஒட்டினேன். இடம் போய்விடும் — போகட்டும் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஏப்ரல் 19
நேர்காணல். எதிரே மூன்று பேர். நடுவில் பேராசிரியர் ருவான்.
"உங்க தலைவருக்கு உங்க மேல என்னம்மா கோபம்?"
"கோபமெல்லாம் இல்ல சார். நான்தான் எழுதினேன்."
மூவரும் குனிந்து மேசையைப் பார்த்தார்கள். அவர்கள் மேசைகளிலும் ரெண்டாவது டிராயர் இருக்கும்தானே. கடைசியில் ருவான், "சரி, எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணும்?" என்றார்.
"பாதியில நின்னவங்க ஏன் நின்னாங்கன்னு."
எழுதிக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மே 9
காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவது.
லியாவ் தோளைத் தட்டினார். "என் லெட்டர் மட்டும் இல்லேன்னா இதுவும் கிடைச்சிருக்காது." அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பிறகு கை கழுவினேன், சோப்புப் போட்டு.

ஜூலை 3
தேர்வானவர்களில் ஒருவன் தைபேயில் வேறு இடம் கிடைத்துப் போய்விட்டான். இன்னொருத்திக்கு ரெட்டைப் பிள்ளையாம், சேரவில்லை. எனக்கு இடம்.

செப்டம்பர் 21
முதல் களப்பணி. யாரிடம் முதலில் போவது என்று ஒரு வாரம் சாக்குச் சொல்லிவிட்டு, இன்று காலை டூ அம்மா கடை வாசலில் நின்றேன்.
"இன்னிக்கு என்ன, போட்டோவா?"
"இல்லம்மா. என்கிட்ட ஏன் வர்றத நிறுத்தினீங்கன்னு முழுசாக் கேக்க வந்தேன்."
என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"முழுசான்னா நேரமாகும். கூட்டம் குறையட்டும். அதுவரைக்கும் அந்த மேசையெல்லாம் துடை."
துடைத்தேன். பதினொரு மணிக்கு உட்காரச் சொன்னார்.