செம்புக் குழாய் கூலரும் டில்லியின் கிரீஸ் டப்பாவும்

மே 4, ஞாயிறு

சைமா கல்யாண வீடியோ எடிட்டிங். பெண் மேடைக்கு வருகிறாள், முக்காடு லேசாக விலகுகிறது, சிரிக்கப் போகிறாள் — திரை கறுப்பு. இன்றைக்கு மூன்றாவது தடவை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து கிராபிக்ஸ் கார்டின் மேல் விரலை வைத்தேன். தோசை சுடலாம். அதன் இரண்டு விசிறிகளில் ஒன்றைக் காசிமேட்டு உப்புக் காற்று தின்று முடித்திருந்தது. இன்னொன்று சுற்றுவதாகப் பாவனை செய்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் லாஞ்சுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. லாஞ்சு டிரைவரான என் வீட்டுக்காரர் டில்லிபாபு வீட்டில் கட்டிக் கிடக்கிறார். (காதலித்துக் கட்டியவன்தானே, டைரியிலாவது ‘அவன்’ என்றே எழுதிக்கொள்கிறேன்.) எட்டிப் பார்த்தான். “இன்னாமே, இன்ஜின் சூடேறிச்சா? ஆயில் பாத்தியா?”

மே 6

டில்லியின் அண்ணன் வரதன் வந்தார். காட்டுப்பள்ளியில் கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். “ஏசி ரூமும்மா. உக்காந்த எடத்துல கன்டெய்னர் நம்பர் அடிக்கணும், அவ்ளோதான். இந்தப் பொட்டிய வித்துடு.” எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. நான் செய்வது வேலை இல்லையாம், பொழுதுபோக்காம்.

என் வாய் சும்மா இருந்ததா? “பக்ரீத்துக்குள்ள சைமா வீடியோவக் குடுக்கலனா, பொட்டிய வித்துட்டு நானே வரேன் மாமா” என்று சவால் விட்டுவிட்டேன். பக்ரீத் மறுநாள் மாப்பிள்ளை ஷார்ஜா போகிறார். அதற்கு முன்னால் சொந்தபந்தம் கூடியிருக்கும்போது வீடியோ ஓட வேண்டும். எனக்கு வாயில் வசம்பு வைத்துத் தேய்க்க வேண்டும்.

மே 9

புது கூலர் வாங்கிக் கார்டில் பொருத்துவதுதான் வழி. நாள் முழுக்க யூடியூப். ஸ்வெட்டர் போட்ட ஒரு தம்பி, “அறை வெப்பம் இருபத்தொன்று, இந்தக் கூலர் அபாரம்” என்கிறான். இருபத்தொன்றா? எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

மே 10

அதே தம்பி, அதே கூலர், வேறு வீடியோ: “தயவுசெய்து வாங்காதீர்கள்.” அதே ஸ்வெட்டர்.

மே 13

ரிச்சி தெரு. கடைக்காரப் பையன் மூன்று விசிறி வைத்த ஒன்றை எடுத்து வைத்தான். நீளத்தில் எங்கள் வீட்டு அரிவாள்மனையைத் தாண்டும். என் பெட்டிக்குள் போகாது என்றேன். “பெட்டிய மாத்திடுங்க.” பெட்டியை மாற்றினால் மேசையில் நிற்காது என்றேன். “மேசைய மாத்திடுங்க.” நல்லவேளை, வீட்டை மாற்றச் சொல்வதற்குள் கிளம்பிவிட்டேன்.

கடைசியில் கேட்டான்: “என்ன கேம் ஆடுவீங்க?” கல்யாணம் ஆடுவேன் தம்பி என்றேன். அவனுக்குப் புரியவில்லை.

மே 17

தண்ணீர் சுற்றுகிற கூலர் என்று ஒன்று இருப்பதை டில்லியிடம் சொன்னது என் தப்பு. முகம் மலர்ந்துவிட்டது. “அதான்மே கரெக்ட்டு! எங்க இன்ஜினுக்கு கடல் தண்ணியேதான் சுத்துது. எவ்ளோ சில்லுனு கீது தெரியுமா?” பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் பங்குக்குச் சொன்னாள்: “ஐஸ் போட்டு மூடி வையேன்டி. மீனே கெடாம கீதே, இது கெட்டுடுமா?”

இவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் விஞ்ஞானி.

மே 20

டில்லிக்குக் கை ஊறுகிறது. கதவுக் கீலுக்கு கிரீஸ், தையல் மெஷினுக்கு கிரீஸ், இன்று குடைக்கம்பிக்கும் கிரீஸ். அது முடிந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கை நகத்தால் நோண்டினான். கையில் ஒன்று வைத்தேன். ஃப்ரிட்ஜ் வந்து நாலு வருஷம், இன்னும் புதுசாகவே இருக்கிறதென்றால் அந்தப் பிளாஸ்டிக்தான் காரணம். டிவி ரிமோட்டும் கவருக்குள், மிக்ஸியும் கவருக்குள். உப்புக் காத்து வீசுற ஊர்ல எதையும் உரிக்கக் கூடாது — இது என் சட்டம். “உரிச்சாத்தான்மே பொருளு. இல்லனா அது இன்னும் கடைக்காரனுதுதான்” என்று முனகிக்கொண்டே போனான்.

மே 24

ஆர்டர் போட்டாச்சு. இரண்டு விசிறி, செம்புக் குழாய், விளக்கு கிடையாது. டில்லியைக் கட்டிக்கொண்டபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

மே 30

காலையில் கூலர் வந்தது. அழகு! தகடு தகடாக அலுமினியம், அடியில் செம்பு. முகம் பார்க்கலாம் போல அப்படியொரு பளபளப்பு. பழைய விசிறிகளைக் கழற்றி, சூட்டைக் கடத்துகிற பேஸ்ட் தடவி, இதைப் பொருத்தினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. ராயபுரத்தில் ஒரு காதுகுத்து. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கேமராவோடு ஓடினேன்.

சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். தொண்ணூற்றொரு டிகிரி. கூடவே லாஞ்சு வாசனை. குனிந்து பார்த்தால் — தகடு ஒவ்வொன்றிலும் கிரீஸ்! மஞ்சளாக, கொழகொழவென்று!

“நான்தான்மே. மொட்டையா கீதே, துரு புடிச்சிடுமேனு...”

அலுமினியம் எங்கய்யா துருப்பிடிக்கும்? கத்தினேன். உன் மூளைக்கும் சேத்து அடிச்சுட்டியா, இன்ஜினத் தவிர உனக்கு இன்னாதான்யா தெரியும், உங்க அண்ணன்கூட சேந்துகினு என் பொழப்பக் கெடுக்கிறியா — என்னென்னவோ கேட்டேன். கடைசிக் கேள்வியில் அவன் முகம் சுருங்கிவிட்டது. லுங்கியையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு லாஞ்சுக்கே போய்விட்டான்.

போகட்டும்.

மே 31

ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ். எட்டியவரை தேய்த்தேன். தொண்ணூற்றொன்று. அசையவில்லை.

ஜூன் 1

டில்லி வரவில்லை. “லாஞ்சுக்கு பெயின்ட் அடிச்சினுகீறான்” என்றாள் கன்னியம்மா. அவனுக்கென்ன, நன்றாக அடிக்கட்டும்.

ஜூன் 2

சைமா போன் செய்தாள். “அக்கா, பக்ரீத்துக்கு எல்லாரும் வர்றாங்க, அத்தா இப்பவே பெரிய டிவி சொல்லி வெச்சிட்டாரு.” சரிம்மா என்றேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. இந்தப் பெட்டிமுன் உட்கார்ந்தால் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். அதையும் விற்கப் போகிறேனா?

வரதன் மாமாவுக்குப் போன் போட்டேன். கார்டை வாங்க அவருக்குத் தெரிந்த ஆள் இருக்கிறானாம். பழைய விசிறியோடு, வாங்கியபோது இருந்த மாதிரி வேண்டுமாம். நாளைக்குக் கூலரைக் கழற்ற வேண்டும்.

ஜூன் 3

கழற்றினேன்.

எழுதவே கை வரவில்லை. கூலரின் அடியில், அந்தப் பளபளக்கும் செம்பின் மேல், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். ‘பொருத்தும் முன் உரிக்கவும்’ என்று இங்கிலீஷில், சிவப்பில், கொட்டை எழுத்தில். நான் அதன் மேலேயே பேஸ்ட் தடவி முறுக்கியிருக்கிறேன். முகம் பார்க்கலாம் என்று வேறு எழுதினேன்!

யூடியூப்பில் இத்தனை நாள் பாடம் படித்த விஞ்ஞானி. ஐயோ, டில்லி.

ஜூன் 4

உரித்துப் பொருத்தினேன். அறுபத்தெட்டு. சைமா சிரித்தாள். முழுசாகச் சிரித்தாள், திரை அணையவில்லை. தட்டுத் தட்டாகப் பலகாரம் தூக்கி வருகிற மாப்பிள்ளை வீட்டாரின் பின்னால் கேமரா ஓடிய இடத்தில், நானும் எழுந்து நின்று கை தட்டினேன்.

தகடுகளின் உள்ளே இன்னும் கிரீஸ் இருக்கிறது. அது பாவம் ஒன்றும் செய்யவில்லை, நாறுவதைத் தவிர.

ஜூன் 7, பக்ரீத்

கொடுத்தாச்சு! பெரிய டிவியில் ஓடியது. சைமாவின் அத்தா சௌக்கத் அலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குறை சொன்னார்: “எல்லாம் சூப்பர்மா. பிரியாணி தேக்சாவ மட்டும் சட்டுனு காட்டி முடிச்சிட்டியே.” இவர் தம்பி மகன் கல்யாணமும் இனி எனக்குத்தான். வரதன் மாமாவிடம் சொன்னேன். “ஏசி ரூமும்மா...” என்று இழுத்தார், அவ்வளவுதான்.

இன்னொருத்தனிடம் சொல்லவில்லை.

ஜூன் 10

சொல்ல வேண்டும். சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் கிரீஸ்தான் கெடுத்தது என்று நினைத்துக்கொண்டே கடலுக்குப் போவான். அண்ணன் பக்கம் என்று வேறு சொல்லித் தொலைத்தேனே. யாரைக் கேட்டுச் சொன்னேன்?

ஜூன் 14, சனி

இன்றோடு தடை முடிகிறது. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு துறைமுகம் போனேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டில்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “யோவ், உன் கிரீஸு ஒண்ணும் பண்ணலய்யா. நான்தான் அடியில இருந்த பிளாஸ்டிக்க உரிக்காம மாட்டிட்டேன். அன்னிக்குப் பேசினதெல்லாம் தப்பு. உங்க அண்ணன இழுத்தது ரொம்பத் தப்பு.”

கையிலிருந்த ஐஸ் கட்டியை இறக்கி வைத்தான். அப்புறம் சிரித்தான் பார், பக்கத்து லாஞ்சுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். “உரிக்கலியா? நீயா? மாமு, கேட்டியாடா கதைய!” என்று ஐஸ் ஏற்றுகிறவன் வரைக்கும் சொல்லிவிட்டான். திட்டவும் முடியவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, சட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நான் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். “வரேன்மே” என்ற குரல் மட்டும் வந்தது.

ஜூன் 15

கடலில் சிக்னல் இல்லை. வெயில் கொளுத்துகிறது. கார்டு எழுபதில் ஓடுகிறது, அறை முழுக்க லாஞ்சு வாசனை.

தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். கதவு வழுக்கியது, நிறமே வேறாக இருந்தது. பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுப் போயிருக்கிறான். ஓரத்தில் ஒரு கிரீஸ் விரல் தடம்.

துணியை எடுத்து வந்தேன். கதவு முழுக்கத் துடைத்தேன், அந்த ஓரத்தைத் தவிர.