நாக்பூரில் ஒற்றைத் தட்டு

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு,
ஜனவரி 27.

அன்பு மகள் வீணாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நலம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் தனி வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறையில்லை. நெதர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தொழிற்சாலைக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு நோட்டைக் கிழித்து எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்கு நாக்கு முந்திக்கொள்கிறது, புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. அது என்ன செய்துவிட்டது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் பேனா. இது உன் கைக்கு வர மூன்று வாரம் ஆகுமாம், ஆகட்டும், நான்கு மாதம் பேசாமல் இருந்த எனக்கு மூன்று வாரம் பெரிதில்லை.

வீட்டு விஷயம் முதலில். நம் தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், இந்தத் தடவை எதற்கு என்று தோண்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. உன் அண்ணன் ரவி பழைய கார் ஒன்று வாங்கி, அந்தப் பள்ளத்தில் மூன்றாம் நாளே இறக்கிவிட்டான். தெருவே கூடித் தூக்கியது. பக்கத்து வீட்டு லவினா ஆன்ட்டி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார், கிறிஸ்மஸ் கேக்கில் உன் பங்கை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறாராம், அது உனக்காகக் காத்திருக்காது என்பது என் கணிப்பு. அம்மா உன்னோடு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு வரியும் படிக்க மாட்டேன். கடைசியில் நீ, அப்பா நல்லா இருக்காரா என்று கேட்பது கேட்கும். நல்லா இருக்காரு என்று அம்மா சொல்வாள். அவ்வளவுதான் நம் பேச்சு, செப்டம்பரிலிருந்து.

செப்டம்பரில் நீ போர்ட்டோ என்ற ஊருக்குத் தனியாகப் போய், ஒரு கடையில் உட்கார்ந்து படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். ஒரு காப்பிக் கோப்பை, ஒரு தட்டு, எதிரே ஒரு காலி நாற்காலி. அதற்கு முன்னால் வியன்னாவிலிருந்து அனுப்பியதும் அதேதான், ஒரு கோப்பை, ஒரு நாற்காலி. அந்தக் காலி நாற்காலியையே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்து மூன்று வயதுப் பெண், வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஏதோ ஓர் ஊருக்கு. உடனே போன் போட்டு, ஆளில்லாதவ மாதிரி இன்னாத்துக்கு ஊர் ஊரா தனியா சுத்தினு இருக்க என்று கத்திவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நீ மெதுவாக, ஒரு தடவ நீங்க தனியா போய்ப் பாருங்கப்பா, வந்து திட்டுங்க, கேட்டுக்கறேன் என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு ஒரு படம்கூட வரவில்லை. ப்ராகுக்குப் போனாய் என்று அம்மா போனில்தான் பார்த்தேன், அதுவும் அவள் குளிக்கப் போயிருந்தபோது.

நீ சொன்னது மூன்று மாதம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சரி, போய்த்தான் பார்ப்போம் என்று போன வாரம் இரண்டு நாள் நாக்பூருக்குப் போய் வந்தேன். தனியாக. விமானத்தில். வாயை மூடு, ஈ போய்விடும்.

நாக்பூர் ஏன் என்று கேட்பாய். நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் பௌத்தம் ஏற்ற தீட்சா பூமிக்கு நம் சங்கத்து ஆட்களோடு பதினேழு தடவை ரயிலில் போயிருக்கிறேன், நாற்பது பேர், நாற்பது சோற்று மூட்டை, லட்சம் பேர் கூட்டம். கும்பிட்டுவிட்டு, ஒருவர் தொலைந்து, அவரைத் தேடிக் கண்டுபிடித்து, ரயிலேறிவிடுவோம். பதினேழு தடவை போன ஊரில் ஒரு தெருப் பெயர் எனக்குத் தெரியாது. தனியாகப் போகிறேன் என்று சொன்னதும் அம்மா, சும்னே ஒரு மனுசன் எதுக்குத் தனியா போவணும், சொல்லியிருந்தா சங்கத்துல நாலு பேர் வருவாங்கல்ல என்றாள். ரவி, கார்ல எல்லாரும் வந்து ஏர்போர்ட்ல விட்டுட்டு வர்றோம் என்றான். லவினா ஆன்ட்டி புடவைகூட எடுத்து வைத்துவிட்டார். எனக்கு உடனே நீ முதல் தடவை வெளிநாடு போன நாள் ஞாபகம் வந்தது. டெம்போ டிராவலரில் பதின்மூன்று பேர், ஆறு மணி நேரம் முன்னாலேயே போய், ஏர்போர்ட் வாசலில் எலுமிச்சை சாதம் பிரித்து, ஆளுக்கு ஒரு அறிவுரை, ஆளுக்கு ஒரு போட்டோ. நீ நடுவில் மாலையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அவ்வளவு முன்னால் போயும் கடைசியில் நீ ஓடித்தானே உள்ளே போனாய்! அடுத்த தடவை ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் பிடித்துப் போய், உள்ளே உட்கார்ந்துகொண்டு போன் செய்தாய். அப்போதிலிருந்து அந்தக் கோபமும் எனக்குள் ஒரு மூலையில் இருந்தது, இப்போது ஒப்புக்கொள்கிறேன். இந்தத் தடவை நானும் யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஜஸ்டிக்கில் ஏர்போர்ட் பஸ் ஏறினேன். அம்மா தெருமுனைவரை வந்தாள், பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்று கையை ஆட்டினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்களை உன்னிடம் கூப்பிடுவதற்காக நீ ஒரு காகிதத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டினாயே, நாங்கள் கிளம்பாமல் போனாலும் அது இன்னும் கதவில்தான் இருக்கிறது. அதை வேலையில் மெஷின் டிராயிங் படிப்பதுபோல் படித்தேன். வீட்டிலேயே செக்-இன் முடித்துவிடுங்கள், தோளில் மாட்டுகிற ஒரே பை, ஏழு கிலோவுக்கு மேல் வேண்டாம். எந்த டெர்மினல் என்று பஸ் ஏறும் முன்பே பாருங்கள். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். கேட் எங்கே என்று முதலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் சாப்பிட உட்காருங்கள். எல்லாம் செய்தேன். சார்ஜரைப் பையின் வெளி அறையில் வைத்தேன், பையை வீட்டுத் தராசில் இரண்டு தடவை நிறுத்தேன், ஆறே கால் கிலோ. செக்யூரிட்டிக்கு முந்தின நாளே பாக்கெட் எல்லாம் காலி பண்ணிடுங்க என்றும் எழுதியிருந்தாய், அடியில் இரண்டு கோடு போட்டு. பேன்ட் பாக்கெட் இரண்டையும் உதறிக் காலி செய்தேன். சட்டைப் பாக்கெட் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

பீன்யா ஃபேக்டரி டூல்ரூமில் முப்பத்தோரு வருஷம் என் சட்டைப் பாக்கெட்டில் ஆறங்குல ஸ்கேலும், இரும்பில் கோடு கிழிக்கிற ஸ்கிரைபரும் இருந்தன. ரிட்டையர் ஆகியும் காலையில் சட்டை போட்டதும் கை தானாகவே அவற்றைச் செருகிவிடும். கண்ணாடி போடுகிறவனுக்குக் கண்ணாடி தெரியாது. செக்யூரிட்டியில் அந்தக் கருவி என் நெஞ்சில் கூவியது. பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் ஸ்கிரைபரை வாங்கிப் பார்த்துவிட்டு, ஊசியைவிடக் கூர்மையாக ஒரு பெரியவர் எதற்குக் கொண்டுபோகிறார் என்று விழித்தார். இதை வைத்துத்தான் என் பெண்ணைப் படிக்க வைத்தேன் என்று கன்னடத்தில் சொன்னேன். சிரித்தார், ஆனால் பிடோக்காகல்ல சார், விட முடியாது என்று ஸ்கேலை மட்டும் திருப்பிக் கொடுத்தார். வெளியே போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்றால் வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை, நான்தான் வர வேண்டாம் என்றுவிட்டேனே. ட்ரேயில் வைத்துவிட்டு வந்தேன். நாக்பூர் போய்ச் சேரும்வரை கை பாக்கெட்டுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. அதே நேரத்தில் ஒன்று தோன்றியது: இந்தச் சின்ன முனையை விமானத்தில் விடமாட்டேன் என்கிறார்கள், நானோ அதைவிடக் கூரான ஒன்றை ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி என் பெண் மேல் எறிந்துவிட்டு, ஒருவரும் சோதிக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மற்றபடி ஏர்போர்ட்டில் எனக்கு வேலையே இல்லை, அதுதான் ஆச்சரியம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை மணி நேரம். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டு, பாட்டிலை நிரப்பி, கண்ணாடி வழியாக விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குடும்பம் ஆறு பையோடு ஓடிற்று, அப்பன் மனைவியைத் திட்டிக்கொண்டே ஓடினான், பிள்ளை செருப்பு கழன்று அழுதது. என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. டூல்ரூமில் செட்டிங்குக்கு, அதாவது இரும்பை மெஷினில் சரியாகப் பொருத்த, இரண்டு மணி நேரம் ஆகும், கட்டிங் பத்து நிமிஷம்தான், செட்டிங் சரியாக இருந்தால் மெஷின் ஓடும்போது நாம் டீ குடிக்கலாம். அதைப் புதுப் பையன்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பிரயாணத்துக்கு அதை வைத்துப் பார்க்கத் தெரிந்தது உனக்குத்தான். நீ ஏதோ ஓடிப் போகிறாய் என்று நினைத்திருந்தேன். அந்தக் காகிதத்தை எழுதியவள் ஓடுகிறவள் இல்லை. ஒவ்வொரு நிமிஷத்தையும் அளந்து, மிச்சம் பிடித்து, அந்த மிச்சத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளத் தெரிந்தவள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்கள், அப்பன் தவழ்ந்ததற்கே நீ இவ்வளவு தூரம் பாய்ந்திருக்கிறாய். பெருமையாக இருந்தது கண்ணு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொல்லியும்விட்டேன்.

நாக்பூரில் மெட்ரோ ஏறி சீதாபுல்டியில் இறங்கி ஒரு லாட்ஜில் பையை வைத்தேன். தீட்சா பூமிக்குப் போனால் கூட்டமே இல்லை, சாதாரண செவ்வாய்க்கிழமை. உள்ளே தூண்களை ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தேன், யாரையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருக்கவில்லை. பதினேழு தடவையில் பார்க்காததை அன்று பார்த்தேன். மறுநாள் காலை குளிரில் கால் போன போக்கில் நடந்து ஒரு நாஷ்டாக் கடைக்குப் போனேன். எத்தனை பேர் என்று கடைக்காரன் இந்தியில் கேட்டான். வழக்கம்போல் பின்னால் திரும்பிப் பார்த்தேன், யாருமில்லை. ஒரு ஆள் என்று விரலைக் காட்டினேன். ஒரு மேசை துடைத்துக் கொடுத்தான். நம் ஊர் அவலக்கி, அவல் உப்புமாதான், ஆனால் மேலே கொண்டைக்கடலை போட்ட காரக் குழம்பை ஊற்றி, பச்சை வெங்காயம் தூவி, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தான். ஒரு வாய் வைத்ததும் மூக்கில் தண்ணீர் வந்தது, அவ்வளவு ருசி. அடுத்த வாய்க்கு முன்னால் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன். பிடித்ததும் அது யாருக்கு என்று எனக்கே தெரிந்தது. அம்மாவுக்கு இல்லை, ரவிக்கு இல்லை. உனக்கு. படத்தைப் பார்த்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர், எதிரே காலி நாற்காலி.

அந்தக் கடையில் காரத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆளில்லாதவன் எதற்குப் படம் எடுக்கப் போகிறான், யாருக்குக் காட்ட? நீ வியன்னாவிலும் போர்ட்டோவிலும் சந்தோஷமாக இருந்து, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்கு முன்னால் என் நினைவு வந்து அனுப்பியிருக்கிறாய். அந்த நாற்காலியில் நீ உட்கார வைத்தது என்னைத்தான். நான் அதைக் காலி நாற்காலி என்று திட்டினேன். நான் சொன்னது தப்பு வீணா. அப்பா என்பதற்காக அதைச் சுற்றிவளைத்துச் சொல்லப் போவதில்லை. தப்பு, மன்னித்துக்கொள்.

அன்றைக்கே படத்தை உனக்கு அனுப்பப் போய், அப்படிச் சொன்ன வாயால் அவலக்கி அனுப்புவதா என்று விரல் நின்றுவிட்டது. நீலசந்திரா மெயின் ரோடு ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரின்ட் போட்டு இதற்குள் வைத்திருக்கிறேன். ஸ்டுடியோக்காரர், ஆளே இல்லாத படத்தை எதுக்கு சார் பிரின்ட் போடறீங்க என்று கேட்டார். ஆள் இருக்கு, உங்களுக்குத் தெரியலை என்றேன்.

இனி என் சின்னச் சின்னத் தொல்லைகள். போகிற ஊரில் தங்குகிற இடத்தின் விலாசத்தைக் காகிதத்தில் எழுதிப் பையில் வை, போனை மட்டும் நம்பாதே. குளிரில் வெறும் காப்பியிலேயே நாளை ஓட்டாதே. உன் தொழிற்சாலையிலும் ஸ்கிரைபர் இருக்கும், ஏர்போர்ட் போகும் முன் சட்டைப் பாக்கெட்டையும் பார், அப்பன் ரத்தம் உனக்குள்ளும் ஓடுகிறது. ஜூலையில் வரும்போது டெம்போ வராது, நான் பொறுப்பு. நீ பஸ்ஸிலேயே மெஜஸ்டிக் வந்து சேர், அங்கே நான் மட்டும் நிற்பேன், பை தூக்கக் கையை நீட்ட மாட்டேன். அக்டோபரில் நாங்கள் உன்னிடம் வருவதாக முடிவு செய்திருக்கிறோம், அம்மாவின் முழங்கால் சம்மதித்தால். வந்தாலும் உன் சனி ஞாயிறு உன்னுடையது, நீ எங்கே வேண்டுமானாலும் போ. எங்களுக்கு அந்த பீரோக் காகிதம் போல ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, போதும்.

பௌர்ணமி வந்தனையில் எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லும்போது உன் பெயரை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்ற உயிர்களுக்கு வருகிறேன். அது முறையில்லை என்று தெரியும். புத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் உனக்கு இருக்கட்டும், நீ போகிற ஊரெல்லாம் உனக்கு நல்ல ஊராக இருக்கட்டும்.

மறக்காதே, அடுத்து எந்த ஊரானாலும் படத்தை என் போனுக்கு அனுப்பு. எதிர் நாற்காலி தெரிகிற மாதிரி எடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
அசோகன்