மஞ்சள் மீட்டரைக் கழற்றி வை

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. நீ சுகமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைப் படிக்கும்போது உன் இடுப்பில் கரண்ட் சோதிக்கும் அந்த மஞ்சள் மீட்டர் இருந்தால், முதலில் அதைக் கழற்றி வைத்துவிடு. வைத்தாயா? இனி அதைத் தொடாதே. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது இரவல் கேட்டால் அவர்களுக்கும் கொடுத்துவிடாதே. ஏன் என்று சொல்லாமல் விடமாட்டேன், கொஞ்சம் பொறு. அதற்குள் அண்ணி ஆரம்பித்துவிட்டாள் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடாதே.

உன் போனுக்கு நேற்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொன்னதையே சொல்கிறது. நீ சைட்டை விட்டுப் பக்கத்து ஊருக்குள் வந்தால்தான் உனக்கு சிக்னல் என்பது தெரிந்ததுதான், ஆனாலும் மனது கேட்கவில்லை. காலையில் உன் கம்பெனி ஆபீசுக்கே போன் செய்து, மஞ்சள் மீட்டரைத் தொட வேண்டாம் என்று உடனே உன்னிடம் சொல்லச் சொன்னேன். சைட்டுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுகிறேன், கவலைப்படாதீங்க என்றாள் ஒரு பெண். நல்ல பெண்தான். ஆனால் எனக்கு உன்னைத் தெரியாதா? அண்ணி எதையோ பார்த்துப் பயந்துட்டாங்க என்று சிரித்துவிட்டு மறுபடியும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சாமான் ஏற்றிவரும் வண்டியில் தபாலும் வரும் என்று அவளே சொன்னாள்.

வீட்டுச் செய்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகள் பரீட்சை எழுதிவிட்டாள், எப்படி எழுதினாய் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். குளியலறைக் குழாய் சொட்டுகிறது. கூடத்து ட்யூப்லைட் ஒரு வாரமாக மினுக்கு மினுக்கு என்று உயிரை வாங்கியது. எலக்ட்ரீஷியன் வீட்டு விளக்கை மாற்ற வெளியாளைக் கூப்பிட்ட கொடுமையை எங்கே போய்ச் சொல்ல? வந்தவனிடம் உன் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, சோக்குதான்பா போயிருக்கு, அந்த இரைச்சல் கேக்குது பாரு என்றார். விளக்கு மினுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு இரைச்சல் மட்டும்தான் தெரிந்தது.

உன் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை, தம்பி.

எழுதிவிட்டேன். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் குழாயையும் ட்யூப்லைட்டையும் சுற்றிக்கொண்டிருந்தேன். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்கிறார், ஜன்னலுக்கு முன்னால் நிற்பது நானா மகளா என்று கேட்கிறார். காத்திருந்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். எதற்காகக் காத்திருப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலது கையில் தோல் புதிதாக வளர்ந்திருக்கிறது. விரலை முழுதாக மடக்க வரவில்லை.

வீட்டு போனில் கேமரா கெட்டுவிட்டது, அதனால் முகம் காட்ட முடியவில்லை என்று நான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது பொய். கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

போன தடவை நீ லீவில் வந்திருந்தாயே, அப்போது அண்ணனின் பழைய கறுப்பு மீட்டரை எடுத்துப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாய். அதன் திரையில் எட்டுக்கு ஒரு கோடு செத்துப்போய் ஆறு மாதிரி தெரியும். குமிழைத் திருப்பிவிட்டு முதுகில் ஒரு தட்டுத் தட்டினால்தான் உயிர் வரும். இத வச்சா இன்னும் பொழைக்கிறீங்க என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்த இடத்திலேயே போனைத் தடவி ஆன்லைனில் புதிது ஒன்று வரவழைத்தாய். பெட்டியும் பையும் பார்க்க அம்சமாகத்தான் இருந்தன. மற்ற இடத்தில் சொல்லும் விலையில் கால்வாசிகூட இல்லை. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறான் என்று நான் கேட்டதற்கு, நடுவுல கடைக்காரன் இல்ல அண்ணி, அதான் என்றாய். வாங்கினவர்கள் எல்லோரும் நட்சத்திரமாக அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று காட்டினாய். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அன்று முழுக்க உன் அண்ணன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சம்பாதித்து வாங்கிக் கொடுத்தது என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேறு காட்டினார்.

அவர் வழக்கம் உனக்குத் தெரியும். வேலைக்குப் போகும் முன் சமையலறைக்கு வந்து, மிக்ஸி மாட்டும் பிளக்கில் இரண்டு வயரையும் விட்டு மீட்டரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். நான் கையில் கரண்டியோடு ஒதுங்கி நிற்க வேண்டும். புதியது எங்கள் சமையலறையில் சரியாகத்தான் காட்டியது. ஒரு நாளும் தப்பாகக் காட்டவில்லை. அதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

அச்சாபீசில் பெரிய மோட்டார் நின்றுபோனது என்று கூப்பிட்டார்கள். மீசை என்று கூப்பிடுவோமே, அந்தக் கூட்டாளியும் அவரும்தான் போனார்கள். பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். நடுவில் மீட்டரின் சிவப்பு வயர் கழன்று விழுந்திருக்கிறது. பழைய கறுப்பு மீட்டரில் சிவப்பு வயர் வலது ஓரத்து ஓட்டையில் போகும். இத்தனை வருஷமாக அவர் கை பார்க்காமலே அங்கேதான் போகும். மஞ்சள் மீட்டரிலோ வலது ஓரத்தில் இருப்பது வேறு, கரண்ட் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கும் ஓட்டை. அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டே வயரை வலது ஓரத்தில் செருகி, அதன் மறுமுனையைப் பேனலில் வைத்துவிட்டார். அப்படி வைத்தால் நேராக ஷார்ட்டாம்.

மீட்டர் அவர் முகத்துக்கு நேராக வெடித்தது. அச்சாபீசே ஒரு கணம் வெள்ளையாகிவிட்டது, அப்புறம் கறுப்பாகிவிட்டது என்றான் மீசை. அவன்தான் தூக்கிக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், அதாவது நினைவு வந்ததும், இவர் சொன்ன முதல் பேச்சு, தப்பு என் கைதான் என்பது. இன்றுவரை அதையேதான் சொல்கிறார். ஆனால் மீசை, எரிந்துபோன அந்த மீட்டரை ஒரு பையில் போட்டு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். உன் அண்ணன் தூங்கும் சமயம் பார்த்துச் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து அதைப் பிரித்துக் காட்டினான். மேலே ஆயிரம் வோல்ட் என்று பெரிதாக அச்சடித்திருக்கிறது. உள்ளே பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கம்பித் துண்டை ஒட்டி வைத்திருக்கிறான் பாவி. பக்கத்திலேயே பழைய கறுப்பு மீட்டரையும் பிரித்தான். அதில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு பீங்கான் பியூஸ். அண்ணி, இதே தப்பை இவர் முன்னாடி கறுப்பு மீட்டர்லயும் ஒருவாட்டி பண்ணியிருக்காரு, கரண்ட் அளந்துட்டு வயரை மாத்த மறந்துட்டாரு, டுக்குனு ஒரு சத்தம், பியூஸ் போச்சு, சிரிச்சுக்கிட்டே மறுநாள் புதுசு வாங்கிப் போட்டாரு, அவ்வளவுதான் என்றான். சொல்லிவிட்டு மீசையைக் கடித்துக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கி அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மகள் அந்த ஆன்லைன் கடைக்குப் புகார் எழுதினாள். பொருள் சேதமாகியிருந்தால் படம் அனுப்பவும், உடனே வேறு ஒன்று அனுப்பி வைக்கிறோம் என்று பதில் வந்தது. வேறு ஒன்று! சிரிப்பதா, போனைத் தூக்கி அடிப்பதா என்று தெரியவில்லை. அப்புறம் கடையையே காணோம். இப்போது அதே மஞ்சள் படம், அதே நட்சத்திரம், வேறு பேரில் விற்கிறது.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதினால் அதுவும் பொய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உன்னை மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். பழசைப் பார்த்துச் சிரித்தானே, சிரித்தானே என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் அது அடங்கிவிட்டது. ஆசையாக வாங்கிக் கொடுத்தாய். விஷம் என்று உனக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் சொல்லக்கூடாது என்று உன் அண்ணன் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். தெரிஞ்சா அவன் அங்கேயே ஒடிஞ்சுபோவான், தனியா கிடக்கிற பையன் என்றார். நீ ஊருக்குள் வந்து போன் செய்யும்போதெல்லாம் முதலில் கேட்பது, மீட்டர் எப்படி இருக்கு அண்ணா என்பதுதானே. தங்கமா இருக்குடா என்பார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, குரலில் ஒரு பிசிறு இல்லாமல் சொல்வார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொள்வேன்.

நேற்று உன் செய்தியும் படமும் வந்தன. உன் செய்தியை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுவேன், படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். எப்போதும் கொஞ்சம் கலந்துதான் சொல்வேன். நீ இளைத்திருந்தாலும் சதை போட்டிருக்கிறான் என்பேன், தாடி மண்டியிருந்தாலும் சவரம் செய்து பளிச்சென்று இருக்கிறான் என்பேன். நேற்றும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நீல உடுப்பு போட்டிருக்கான், ஆளுயரப் பேனல் முன்னாடி நின்னு சிரிக்கிறான், இடுப்புல மஞ்சளா என்னமோ தொங்குது என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் கண் அதைப் பார்த்தது.

கீழே நீ எழுதியிருந்ததைப் படிக்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். படி என்றார். படித்தேன். அண்ணன் தங்கமா இருக்குன்னு சொன்னதால நானும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிட்டேன், கம்பெனி கொடுத்தது கனமா இருக்கு, அதைப் பெட்டியில போட்டுட்டேன் என்று எழுதியிருந்தாய்.

தம்பி, உன் அண்ணன் அழுது நான் பார்த்ததில்லை. கை வெந்தபோதும் அழவில்லை. கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னபோதும், சரிங்க என்றுதான் சொன்னார். நேற்று நாற்காலியை விட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு எங்கேயோ போகப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று பிடித்தேன். நான் சொல்லித்தான் வாங்கியிருக்கான், நான் சொல்லித்தான் மாட்டியிருக்கான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒரு கண்ணில்தான் தண்ணீர் வந்தது. அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்து, நீ செஞ்ச சத்தியம் போகட்டும், எழுது, எல்லாத்தையும் எழுது, ஒண்ணையும் மறைக்காதே என்றார். தம்பியை மட்டும் காப்பாத்திடு என்றார்.

இடையில் எழுந்து போய்விட்டு வந்தேன். அவர்தான் கூப்பிட்டார். கடிதம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார், படித்துக் காட்டினேன். அழுததை எடுத்துவிடு என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். எதையும் மறைக்கக்கூடாது என்றது அவர்தானே. அவன் கையும் என் கை மாதிரிதான், நான் பழக்கினதுதான், கறுப்பு மீட்டரிலேயே தொழில் பழகினவன், அவன் விரலும் வலது ஓரத்துக்குத்தான் போகும், அதையும் எழுது என்றார். எழுதிவிட்டேன்.

கம்பெனி கொடுத்த கனமான மீட்டரைப் பெட்டியிலிருந்து எடு. இடுப்பு வலித்தால் வலிக்கட்டும். மஞ்சளைக் குப்பையில் போடாதே, வேறு யாராவது பொறுக்கி எடுத்துவிடுவார்கள். சுத்தியலால் அடித்து நொறுக்கிவிட்டுப் போடு. வயரையும் வெட்டிவிடு.

இப்படி ஆயிற்றே என்று அங்கே உட்கார்ந்து சாப்பிடாமல் கிடக்காதே. அழ வேண்டும் என்றால் அழு, ஆனால் அழுதுகொண்டு பேனல் பக்கம் போகாதே. லீவு கிடைக்கும்போது வா. வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்காதே, அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வழக்கம்போல வம்பு பேசு. உன் குரல் வந்தால் அவர் முகம் திரும்புகிறது. வேறு யார் குரலுக்கும் அப்படித் திரும்புவதில்லை, என் குரலுக்குக்கூட.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நீல உடுப்பிலேயே, அந்தப் பேனல் முன்னால் நின்றதைப் போலவே ஒரு படம் எடுத்து, ஊருக்குள் வந்ததும் அனுப்பு. இடுப்பில் என்ன இருக்கிறது என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இனி நான் கலந்து சொன்னால் உன் அண்ணன் நம்பமாட்டார். இளைத்திருந்தால் இளைத்திருக்கிறான் என்றே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் இல்லை என்பதை மட்டும் நான் பார்த்துச் சொல்லும்படி செய்.

நூறாண்டு இரு, தம்பி. முழுசாக இரு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி