விறாந்தைத் தொலைபேசி இருக்கட்டும்

அம்மா,

விறாந்தைத் தொலைபேசியின் ரிசீவரில் இன்னும் உங்கள் தலையில் வைத்த நல்லெண்ணெய் மணக்கிறது. பள்ளிக்கூடத்தால் வந்ததும் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். இரைச்சல் கேட்டது. உயிரோடுதான் இருக்கிறது.

நாளைக் காலை அதைக் கழற்ற ஆள் வருகிறார். இன்ரநெற் இருக்குமாம், அதோடு வந்த தொலைபேசி மட்டும் வேண்டாமாம். "உதுக்கு மாதம் மாதம் தீனி போடுறம், அது வாயே திறக்குதில்லை," என்றார் அப்பா. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "வேணுமெண்டால் விடியச் சொல்லு பிள்ளை," என்றுவிட்டுப் படுத்துவிட்டார். அவர் எழும்பிவிடக் கூடாதே என்று போர்வைக்குள் வெளிச்சத்தை வைத்து எழுதுகிறேன்.

அண்ணைக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் அது ஒன்றுதான். வெளிநாடு போகிற வழியில் ஏஜென்சிக்காரன் கைபேசியைப் பறித்த பிறகு, யாரிடமாவது இரவல் வாங்கி அதற்குத்தான் அழைப்பு எடுப்பார். இடி முழங்கினால் ரீவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றுவீர்கள். இந்தத் தொலைபேசி ஓடுகிற இணையப் பெட்டியை மட்டும் தொடவிடமாட்டீர்கள். "எரிஞ்சால் எரியட்டும். பிள்ளை எடுக்கிற நேரம் செத்துக் கிடக்கக் கூடாது," என்பீர்கள். கரண்ட் போனால் தொலைபேசியும் நின்றுவிடும் என்று தெரிந்த நாளிலிருந்து, கரண்ட் போனாலே உங்களுக்குச் சோறு இறங்காது.

மணி அடித்தால் ஈரக்கையோடு ஓடுவீர்கள். ஹலோ சொல்லவே மாட்டீர்கள். "சாப்பிட்டியோ தம்பி?" அதுதான் முதல் வார்த்தை. ஒருநாள் வங்கியிலிருந்து எடுத்த யாரோ ஒருவரிடமும் அப்படிக் கேட்டுவிட்டீர்கள். அவர், இன்னும் இல்லை அம்மா என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லி அப்பா எவ்வளவு நாள் சிரித்தார்.

நீங்கள் இல்லை என்பது அண்ணைக்குத் தெரியாது. நீங்கள் போவதற்கு முதல்கிழமை எடுத்தவர், பிறகு எடுக்கவில்லை. அவருக்குப் பதிலாகச் சித்தப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். கீரிமலையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து வந்த பிறகு அப்பா இந்தக் கழற்றுகிற கதையைத் தொடங்கினார்.

செலவைத்தான் பார்க்கிறார் என்று நினைத்தேன். போன கிழமை நான் கிணற்றடியில் நிற்க, தொலைபேசி அடித்தது. ஓடிவந்தேன். அப்பா பக்கத்திலேயே நின்றார். கையை நீட்டினார், எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. "ஆரோ விளம்பரக்காரர்," என்றார். எடுக்காமல் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நானும்தானே வாசலில் நின்றுவிட்டேன், அம்மா.

அடித்தால், அண்ணை உங்களைக் கேட்பாரே என்று பயமாக இருக்கிறது, அடிக்காவிட்டாலும் பயமாக இருக்கிறது. கழற்றிவிட்டால் நித்திரையாவது வரும் என்றுகூட நினைத்தேன். பிறகு, எங்கோ குளிரில் இரவல் கைபேசியோடு நிற்கிற அண்ணைக்கு, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு பதிவுக்குரல் சொல்வதை நினைத்துப் பார்த்தேன்.

விடிய, இருக்கட்டும் என்று சொல்லப்போகிறேன். அடித்தால் நான் எடுக்கிறேன் அப்பா, நீங்கள் வளவுக்குள் போய் நில்லுங்கள் என்றும் சொல்வேன்.

தொலைபேசியில் என் குரல் உங்கள் குரல் மாதிரியே இருக்கும். முன்பொருமுறை என்னை நீங்கள் என்று நினைத்து, "ஏலாமல் கிடக்கு அம்மா," என்று அண்ணை அழுதார். நான் ரிசீவரை உங்களிடம் தந்துவிட்டேன். இனித் தர ஆள் இல்லை. அடுத்த முறையும் அவர் "அம்மா" என்றுதான் தொடங்குவார். நான் தங்கச்சி என்று முதலில் சொல்லிவிடுவேன். அடுத்ததாக, சாப்பிட்டீங்களோ அண்ணை என்று கேட்பேன். மற்றதை, அவர் அதற்குப் பதில் சொன்ன பிறகு.