பெரிய சக்கரத்துக்கு எவ்வளவு காற்று

12 ஆகஸ்ட் 1974, திங்கள்

போன வாரம் பட்டறையில் முதலாளியின் காருக்குப் பழைய சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய பெரிய சக்கரங்களை மாட்டினோம். பெரிய டயருக்கு அதிகக் காற்று என்று நினைத்து முப்பத்தாறு பவுண்டு அடிக்கச் சொன்னேன். டிரைவர் ஏசுபாதம், என்னைவிட இருபது வயது மூத்தவர், டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினார்.

"நடுவுல மட்டும் அழிஞ்சிருக்கு பாருங்க சார். ஓரம் ரோட்ட தொடவே இல்ல. இவ்ளோ காத்து வாணாம், இருபத்தாறு போதும்."

"இன்னாய்யா, டயருக்குக் கோலம் போட்டுக்கினு கீற? டிப்ளமோ படிச்சது நீயா, நானா?" என்றேன். பட்டறையே சிரித்தது. காற்றைக் குறைக்கவில்லை.

இன்று மழையில் ஆரணி வளைவில் ஏசுபாதம் ஓட்டிய கார் வழுக்கி வயலில் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. பட்டறை வாசலில் எல்லார் முன்னாலும் முதலாளி கத்தினார்: "குடிச்சிட்டா ஓட்டின? சாவிய வச்சிட்டுப் போடா!"

ஏசுபாதம் என்னை ஒருமுறை பார்த்தார். "குடிக்கல மொதலாளி" என்று மட்டும் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் தொழிலாளர் உரிமை பேசும் வாய் இது. வேலை போகும் என்ற பயம்கூட இல்லை. முதலாளி என் சாதிக்காரர், திட்டிவிட்டு விட்டிருப்பார். சிரித்தவர்கள் முன்னால் தோற்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அதற்கு ஒரு குடும்பத்தின் சோறு போயிற்று.

எல்லாரும் போன பிறகு நானே நாலு டயரிலும் காற்றை இருபத்தாறுக்கு இறக்கினேன். நாளை வரும் புது டிரைவருக்கு வண்டி வழுக்காது.