முதலாளி அறுத்த பின்வார்

கோவா

அன்புள்ள நைனாவுக்கு, தரணி வணக்கத்துடன் எழுதுவது. திருத்தணி முருகன் புண்ணியத்தில் இருவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தில், வாட்டர் ஸ்கூட்டர் படகுத்துறையில் இடிபடாமலிருக்க, மாட்டிக் கழற்றும் மெத்தை தைத்துக் கொடுத்தேன் அல்லவா? முன்னால் ஒரு வார், பின்னால் ஒரு வார். முதலாளி நம் புத்தூர்க்காரன்தான். “ரெண்டையும் கழட்டிக்கினு இருந்தா கிராக்கி போய்டும்” என்று பின்வாரை அறுத்துவிட்டான். ஞாயிறன்று அலையில் மெத்தை நழுவி, வண்டிக்கும் துறைக்கும் நடுவில் இவர் கை மாட்டிக்கொண்டது. பயப்படாதீர்கள், சின்ன அடிதான்.

“உன் தையல் சரியில்லம்மா, வண்டில கீறல் வுழுந்துச்சு பாரு” என்றான்.

“தையல் பிரியல. நீதான் அறுத்த. கீறலப் பாத்தியே, அவர் கையப் பாத்தியா?” என்று கத்திவிட்டேன். இன்னும் ஆறவில்லை நைனா.

இப்போது இரண்டு வாரையும் ஒரே கொக்கியில் சேர்த்துத் தைக்கிறேன். ஒரே இழுப்பில் கழலும், அலைக்குக் கழலாது. இனி எவனும் அறுக்க வேண்டாம். நகரியிலிருந்து அகல நைலான் நாடா அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், கேட்டு வாங்கத்தான் பாஷை வரவில்லை. கொஞ்சம் விபூதியும் வையுங்கள்.

சோறு ஆறுகிறது. இவருக்கு ஊட்டிவிட வேண்டும், நிறுத்துகிறேன்.

தரணி